அழுத்தக் காற்றும் பழைய வால்வும்

பினாங்கு, ஜார்ஜ் டவுனிலுள்ள லோரோங் கூலிட் சந்தை பழம்பொருள்களுக்குப் பெயர் பெற்றது. ஆலைகள் கழித்த வால்வுகள் பழைய இரும்புக் கடைகளில் மலிவாகக் கிடைப்பதுண்டு. அத்தகைய வால்வைப் பிளாஸ்டிக் குழாயில் பொருத்தி, காற்றடைத்துப் பொருளை எறியும் கருவி செய்ய இளைஞர் சிலர் விரும்புகின்றனர். அதன் தன்மையைப் பெற்றோராகிய நாம் அறிந்திருத்தல் நலம்.

வால்வு என்பது குழாயின் கதவு. அது சட்டெனத் திறந்தால், அடைபட்ட காற்று நொடியில் விரிந்து முன்னுள்ள பொருளை உந்தும். ஆபத்தும் இதிலேயே உள்ளது. தண்ணீர் எளிதில் சுருங்குவதில்லை. ஆதலால் நீர்க்குழாய் பிளந்தால் அழுத்தம் உடனே தணியும். காற்றோ அமுக்கிய சுருள்வில் போன்றது. சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அழுத்தத்தில், 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய்மூடியைத் தள்ளும் விசை ஏறத்தாழ 550 கிலோ. இது 50 கிலோ அரிசி மூட்டைகள் பதினொன்றின் பாரம்! நீருக்கெனச் செய்த பி.வி.சி. குழாய் உடைந்தால் கூரிய துண்டுகளாய்ச் சிதறும். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிர்வாகம் 1988-ஆம் ஆண்டிலேயே இதனை எச்சரித்தது. மேலும், நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் காற்றுத் துப்பாக்கியையும் ஆயுதமாகவே கொள்கிறது.

எனினும், பிள்ளைகளின் ஆர்வத்தை நாம் தடுக்க வேண்டியதில்லை. பழைய சைக்கிள் டியூபின் வால்வு, வாயுப் பானத்தின் பிளாஸ்டிக் போத்தல், கைப்பம்பு, சிறிது தண்ணீர் ஆகியவற்றைக் கொண்டு ஆசிரியர் மேற்பார்வையில் நீர் ராக்கெட் செய்யலாம். திறந்த திடலில், அனைவரும் விலகி நின்று, மேல்நோக்கியே அதனைச் செலுத்துதல் வேண்டும். அதே பாடத்தைப் பிள்ளைகள் இதிலும் கற்பர். கண்ணும் கையும் காக்கப்படும்.