மீட்டர் சரியாகக் காட்டியது, வண்டி ஏன் இழுக்கவில்லை?

பத்தாம் வகுப்பில் மின்னோட்டப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மின்கலத்தின் இரு முனைகளிலும் வோல்ட்மீட்டரை வைத்துக் காட்டி, "ஒன்றரை வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டினால் நல்ல செல். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் தீர்ந்த செல்" என்றேன். பல ஆண்டுகளாக இப்படித்தான் சொல்லி வருகிறேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"இல்ல டீச்சர். எங்கப்பா வண்டி பேட்டரிய மீட்டர் வச்சுப் பார்த்தாங்க. சரியாத்தான் காட்டுதாம். ஆனா வண்டி இழுக்கல."

"அது வண்டி பேட்டரி, இது செல். இரண்டையும் குழப்பிக்காதே" என்று உட்கார வைத்துவிட்டேன். அடுத்த வாரத் தேர்வில், 'மின்கலம் நல்ல நிலையில் உள்ளதா என எவ்வாறு அறியலாம்?' என்று இரண்டு மதிப்பெண் வினா ஒன்று கேட்டிருந்தேன். அவள் எழுதியிருந்தாள்: "வோல்ட்மீட்டர் மட்டும் போதாது. வேலை செய்யவிட்டுப் பார்க்க வேண்டும்." சிவப்பு மையில் தவறு போட்டேன். அதற்குப் பிறகு அவள் வகுப்பில் எழுந்து எதுவும் கேட்கவில்லை. அதுவும் எனக்கு உடனே உறைக்கவில்லை.

எங்கள் ஊர் ஓசூர். சிப்காட் சங்கு ஊதுவதை வைத்து நேரம் சொல்லும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள். வீட்டில் பாதிப்பேர் தெலுங்கும் கன்னடமும் பேசுவார்கள். வண்டி பாகங்களின் பெயர்கள் மட்டும் மூன்று மொழியிலும் ஒன்றுதான். மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளோடு பேட்டரி தொழிற்சாலையும் இங்கே உண்டு. 2021 முதல் ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. என்னிடம் படித்துப் போன பெண்கள் சிலர் அங்கே வேலை பார்க்கிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் மின்கலத்தைப் பற்றி அரைகுறையாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

விஷயம் தெரிந்தது பெற்றோர் கூட்டத்தில். மாணவியின் அப்பா கார் ஓட்டுநர். வேலை பார்த்த இடத்தில் முதலாளி பழைய ஹைபிரிட் காரை விற்றபோது, கடன் வாங்கி அதை எடுத்திருக்கிறார். பெங்களூருக்கு ஆள் ஏற்றிச் செல்வதுதான் வருமானம். ஒருநாள் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பணிமனையில் காட்டினார். பேட்டரி முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை, காருக்கு அவர் கொடுத்த விலையில் பாதிக்கு மேல். "பாப்பா சொல்லுச்சு, டீச்சர்கிட்ட கேட்டேன், தப்புன்னு சொல்லிட்டாங்கன்னு" என்றார். குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் முகம் சுருங்கியது.

என் பழைய மாணவன் ஒருவன் ஐடிஐ முடித்துவிட்டு வாகலூர் சாலையில் கார் பணிமனை வைத்திருக்கிறான். அந்தச் சனிக்கிழமை காரை அங்கே கொண்டுபோகச் சொல்லி, நானும் போனேன்.

ஹைபிரிட் கார் என்பது பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் வண்டி. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியை மோட்டாரே மின்னியற்றியாக மாறி பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். 1997-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் இந்த வகையில் பேர்பெற்றது. 2010-இல் இந்தியாவுக்கும் வந்தது. அதன் பேட்டரி நம் பாடப்புத்தகக் கணக்குக்கு அப்படியே பொருந்தும். 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு கலங்கள் 6 சேர்ந்தால் ஒரு மாட்யூல், 7.2 வோல்ட். அப்படி 28 மாட்யூல்கள் தொடரிணைப்பில்: மொத்தம் 168 கலங்கள், 201.6 வோல்ட். காரிலுள்ள கணினி இரண்டிரண்டு மாட்யூலாக 14 சோடிகளின் மின்னழுத்தத்தைத் தனித்தனியே கவனிக்கும். நாங்கள் பார்த்த கார் வேறு. ஆனால் அதன் பேட்டரியும் இதே வகை, இதே மாதிரியான அடுக்கு.

அவன் முதலில் பெரிய பேட்டரியைத் தொடவே இல்லை. ஹைபிரிட் காரில் விளக்குகளுக்கும் கணினிக்கும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒன்று தனியாக உண்டு. அது தளர்ந்துபோனாலே வண்டி கிளம்பாமல் அடம்பிடிக்கும். பலர் அதைப் பெரிய பேட்டரியின் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள். அது நன்றாகவே இருந்தது. அடுத்து, பின் இருக்கைப் பகுதியில் உள்ள காற்றுத் துளையைத் திறந்தான். பெரிய பேட்டரியைக் குளிர்விக்கும் விசிறி பயணிகள் அமரும் பகுதியின் காற்றைத்தான் இழுக்கிறது. வலை முழுக்கத் தூசியும் துணிநாரும் படிந்து, கம்பளிபோல் வந்தது. "ரெண்டு மூணு வருஷமா மூச்சு முட்டிக்கிட்டு ஓடியிருக்கு டீச்சர்" என்றான்.

பிறகு ஸ்கேனரைச் செருகினான். பி0ஏ80 என்ற குறியீடு வந்தது. ஹைபிரிட் பேட்டரி தளர்ந்துவிட்டது, மாற்று என்பது அதன் பொருள். எந்த இடத்தில் தளர்ச்சி என்று குறியீடு சொல்லாது. வண்டி நின்றுகொண்டிருந்தபோது திரையில் எல்லாச் சோடிகளும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டின. மாணவி சொன்னது சரிதான்.

"மலைக்குப் போலாம்" என்றான். சந்திரசூடேஸ்வரர் கோயில் மலைக்கு வண்டி போகும் பாதை உண்டு. அவள் அப்பா ஓட்ட, அவன் முன்னிருக்கையில் ஸ்கேனருடன், நானும் மாணவியும் பின்னால். ஏற்றத்தில் முடுக்கியை அழுத்தியதும் ஒரு சோடி மட்டும் மற்றவற்றைவிட இரண்டு வோல்ட்டுக்குமேல் சரிந்தது. மேலே போய்த் திரும்பி, இறக்கத்தில் பிரேக் பிடித்தபடி வந்தபோது, பேட்டரி மின்னேற்றம் பெறும் நேரத்தில், அதே சோடி மற்றவற்றைவிட உயர்ந்து நின்றது. கொடுக்கும்போது கீழே, வாங்கும்போது மேலே. "அகமின்தடை" என்று என் வாயிலிருந்து தானாக வந்தது. பி.எட். முடித்து இத்தனை ஆண்டுகளில் அந்தச் சொல்லை நான் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

கணக்கு எளிது. வயதான சோடியில் கூடுதலாக 0.02 ஓம் அகமின்தடை சேர்ந்திருக்கிறது என வைத்துக்கொள்வோம். வெறும் வோல்ட்மீட்டரை வைத்தால் மின்னோட்டம் ஏறக்குறையச் சுழி. எனவே மின்னழுத்த இழப்பும் சுழி. மீட்டர் பொய் சொல்லவில்லை, நாம் கேட்ட கேள்விதான் தவறு. ஏற்றத்தில் 100 ஆம்பியர் பாயும்போது அதே 0.02 ஓம் 2 வோல்ட்டை விழுங்கிவிடும். ஜூல் விதிப்படி மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கினால் 200 வாட் வெப்பம். பழைய 100 வாட் குண்டு பல்புகள் இரண்டு, காற்று வராத ஒரு பெட்டிக்குள் எரிவதைப்போல. வெப்பம் கலத்தை மேலும் கெடுக்கும், கெட்ட கலம் மேலும் வெப்பம் தரும். தூசி அடைத்த வலையின் பங்கு இங்கேதான். தொடரிணைப்பு என்பதால் எல்லாக் கலங்களிலும் ஒரே மின்னோட்டம்தான். மற்றவை நன்றாக இருந்தும் பலவீனமான ஒன்று தளர்ந்தால் அடுக்கு முழுவதும் நின்றுவிடும்.

திங்கட்கிழமை இதை வகுப்புக்குக் கொண்டுபோனேன். ஒவ்வொரு குழுவுக்கும் நான்கு பென்டார்ச் செல்கள்: மூன்று புதியவை, ஒன்று வீட்டிலிருந்து கொண்டுவந்த பழையது. டார்ச்சில் மங்கிப்போன செல்லைச் சுவர்க்கடிகாரத்தில் போட்டால் மாதக்கணக்கில் ஓடும் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஏன் என்று இதுவரை நான் கேட்டதில்லை. கடிகாரம் கேட்பது மிகச் சிறிய மின்னோட்டம். அதைக் கேள்வியாகப் போட்டே பாடத்தைத் தொடங்கினேன்.

நான்கையும் தொடரிணைப்பில் வைத்து, பல்பு எரியாதபோது அளந்தார்கள். ஒரு குழுவின் அளவீடு: 1.58, 1.59, 1.58, பழையது 1.36. மொத்தம் 6.11 வோல்ட். என் பழைய விதிப்படி எல்லாமே நல்ல செல்கள். பல்பை எரியவிட்டு, 0.3 ஆம்பியர் பாயும்போது மறுபடி அளந்தார்கள்: 1.48, 1.49, 1.48, பழையது 0.61. வகுப்பே சத்தம் போட்டது. புதிய செல்லின் அகமின்தடை 0.1-ஐ 0.3-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.33 ஓம், பழையதில் 0.75-ஐ 0.3-ஆல் வகுத்தால் 2.5 ஓம். அகமின்தடை மேல்நிலை வகுப்புப் பாடம்தான். சூத்திரத்தைத் தேர்வுக்குப் படிக்கச் சொல்லவில்லை. கழித்தலும் வகுத்தலும் போதும்.

ஜன்னலோரக் குழு ஒன்றின் பழைய செல் மைனஸ் 0.2 காட்டியது. மீட்டர் முனைகளை மாற்றி வைத்துவிட்டோமோ என்று அவர்களே இரண்டு முறை சரிபார்த்தார்கள். முனைகள் சரி. மற்ற மூன்று செல்களும் தீர்ந்துபோன செல்லின் வழியே மின்னோட்டத்தை வலிந்து தள்ளும்போது அதன் முனைகள் தலைகீழாகிவிடும். இதை நான் எதிர்பார்க்கவில்லை. "காரிலும் இப்படி ஆகுமா டீச்சர்?" என்று கேட்டவள் அதே மூன்றாவது பெஞ்சு மாணவி. ஆகும். அப்படி ஆகிவிடாமல் காக்கத்தான் கணினி சோடிசோடியாகக் கவனிக்கிறது.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். பல்பைச் சில நொடிகளுக்கு மேல் எரியவிட வேண்டாம். தலைகீழான செல் கசியும். மறுமின்னேற்றத்துக்குரிய லித்தியம் செல்களையோ செல்போன் பேட்டரிகளையோ இதற்குப் பயன்படுத்தவே கூடாது. காரின் பேட்டரியை மாணவர்களுக்குத் திறந்து காட்டவும் வேண்டாம். ஆரஞ்சு நிறக் கம்பி என்றால் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் என்று சொல்லிக்கொடுங்கள். பணிமனையில்கூட சர்வீஸ் பிளக்கைக் கழற்றி, மின்தேக்கிகள் மின்னிறக்கம் ஆகப் பத்து நிமிடம் காத்திருந்து, மின்காப்புக் கையுறை போட்ட பிறகுதான் அவன் மூடியைத் திறந்தான். எங்களை வாசலுக்கு வெளியே நிற்க வைத்திருந்தான்.

அந்தச் சோடியில் ஒரு மாட்யூல் உப்பியிருந்தது. இணைப்புத் தகடுகளில் பச்சை பூத்திருந்தது. அளவு ஒத்துப்போகும் பயன்படுத்திய மாட்யூல் ஒன்றைத் தேடிப்பிடித்து, மற்றவற்றின் மட்டத்துக்கு மின்னேற்றி மாட்டினான். தகடுகளையும் விசிறியையும் சுத்தம் செய்தான். முன்பு கேட்ட தொகையில் சிறு பங்குதான் ஆனது. ஆனால் அவன் அவரிடம் மறைக்கவில்லை: "அவங்க சொன்னதும் பொய் இல்லண்ணா. மத்த மாட்யூல் எல்லாம் இதே வயசு. இது கொஞ்ச காலத்துக்குத்தான். அதுக்குள்ள கடனை அடைச்சிடுங்க." அவர் இப்போது நீண்ட பயணம் எடுப்பதில்லை, அத்திப்பள்ளி வரைதான். மாதம் ஒருமுறை காற்று வலையைத் துடைப்பது மாணவியின் வேலை.

விடைத்தாளை வாங்கி, அடித்த சிவப்புக் கோட்டின் மேல் இரண்டு மதிப்பெண் போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் இட்டேன். வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் தான். அவள் அதை வாங்கிக்கொண்டு, "இந்தப் பழைய செல்லெல்லாம் எங்க போடுறது டீச்சர்?" என்றாள். நானும் இதுவரை குப்பைத் தொட்டியில்தான் போட்டுக்கொண்டிருந்தேன். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளைத் தேடிப் படித்தோம். பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது, நாம் அவற்றை மற்ற குப்பையோடு கலக்காமல் தனியாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அறிவியல் அறையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா வைத்திருக்கிறோம். பாதி நிறைந்துவிட்டது.