உம்மும்மாவின் வெற்றிலைப் பெட்டி: மரமும் உலோகமும் கற்றுத் தந்த பாடம்

எங்கள் வீட்டில் ஒரு வெற்றிலைப் பெட்டி இருக்கிறது. பலா மரத்தினால் ஆனது. நான்கு மூலைகளிலும் பித்தளைத் தகடுகள், மூடியின் குறுக்கே கொடி வேலைப்பாடு செய்யப்பட்ட பித்தளைப் பட்டி. உள்ளே ஒரு பாக்குவெட்டியும், பழைய சட்டைப்பைக் கடிகாரத்தைப் போன்ற வட்டமான சுண்ணாம்புச் செப்பும் உள்ளன. என் உம்மும்மாவின் திருமணத்தின்போது அவருக்குக் கிடைத்த பெட்டி அது. அவர் வபாத்தாகி மூன்று வருடங்கள் ஆகின்றன. அதன் பிறகு யாரும் அதைத் திறக்கவில்லை.

இரத்தினபுரி மாவட்டத்தில், தேயிலையும் றப்பரும் கலந்த ஒரு தோட்டத்தின் அடிவாரக் கடைவீதியில் எங்கள் கடை இருக்கிறது. சென்ற வருட இறுதியில் பழைய இரும்பு, பித்தளை வாங்கும் ஒருவர் அங்கே வந்தார். பெட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மரம் தேவையில்ல, பித்தளைய மட்டும் நிறுத்து எடுக்கிறேன்" என்றார். மூடி நீளவாக்கில் பிளந்திருந்ததால் வாப்பாவுக்கும் அது சரியாகவே பட்டது. "வெடிச்சுப் போன சாமான் மகள், வச்சிருந்து என்ன செய்ய?" என்றார். நான் ஒரு வாரம் தவணை கேட்டேன். அடுத்த கிழமை வருவதாகச் சொல்லி அவர் போனார்.

உயர்தரத்தில் நான் கற்கும் பாடங்களுள் சித்திரமும் ஒன்று. மரபுவழி அலங்காரங்களின் பெயர்களைப் பரீட்சைக்காக மனனம் செய்திருந்தேன். அவற்றுள் இரண்டு எங்கள் வீட்டு அலுமாரியிலேயே இருந்தன என்பதை அந்த வாரத்தில்தான் கண்டுகொண்டேன். அந்த ஒரு வாரத்தில் அறிந்தவற்றையே தோழியருடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கொடியும் மலரும்

மூடியில் வளைந்து செல்லும் கொடியைச் சிங்களக் கைவினைஞர்கள் "லியவெல" என்பர். தண்டு ஒருமுறை வலப்புறம் வளைந்தால் அடுத்த முறை இடப்புறம் வளையும். ஒவ்வொரு வளைவின் வயிற்றிலும் ஓர் இலையோ பூவோ இருக்கும். எவ்வளவு நீளமான இடத்தையும் நிரப்பவல்லது என்பதால், பட்டிகளுக்கும் ஓரங்களுக்கும் இது பெரிதும் பயன்பட்டது. செப்பின் விளிம்பைச் சுற்றியுள்ள தாமரை இதழ் வரிசை "பலாபெத்தி" எனப்படும்.

மரபலங்காரங்களுள் அன்னாசிப் பூவும் ஒன்று. அன்னாசி அமெரிக்காவுக்குரிய தாவரம். ஐரோப்பியர் வந்த பின்னரே அது எமது நாட்டை அடைந்தது. ஆகவே அந்த அலங்காரம் அதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது. புதிதாக வந்த ஒரு செடியையும் அக்காலக் கைவினைஞன் உற்றுப் பார்த்துத் தன் உளிக்குள் கொண்டுவந்திருக்கிறான். மரபு என்பது பழையதைத் திரும்பத் திரும்பப் பிரதி செய்வது மட்டுமல்ல என்பதற்கு இதுவே சான்று.

இஸ்லாமியக் கலையிலும் கொடிகளும் இலைகளும் முடிவின்றிப் பின்னிச் செல்வதை நாம் படித்திருக்கிறோம். உம்மும்மாவின் பெட்டியில் மனித உருவமோ மிருக உருவமோ இல்லை. கொடியும் இதழும் மட்டுமே இருக்கின்றன. எந்த ஊர்க் கைவினைஞர் எந்த எண்ணத்தில் இதைச் செய்தாரோ, ஒரு முஸ்லிம் வீட்டில் அது இயல்பாகவே இடம்பிடித்துக் கொண்டது.

கல்லைத் தேடியவர் கண்ட கலை

இக்கலைகளைப் பற்றிப் பேசும்போது கலாநிதி ஆனந்த குமாரசுவாமியை மறக்க முடியாது. தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் 1877 இல் கொழும்பில் பிறந்தவர் அவர். கற்றது புவிச்சரிதவியல். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிய ஆய்வின் பணிப்பாளராகக் கடமையாற்றினார். கனியங்களைத் தேடி ஊரூராகச் சென்றவரின் கண்ணில் கொல்லரும் தச்சரும் பாய் இழைப்போரும் பட்டனர். அவர்களது கருவிகளையும், முறைகளையும், அலங்காரங்களின் பெயர்களையும் திரட்டி 1908 இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1815 இல் கண்டி இராச்சியம் வீழ்ந்ததோடு கைவினைஞரை ஆதரித்த அமைப்பும் குலைந்தது என்பது அவரது கவலை. ஆதரிப்போர் இல்லாதபோது உளி துருப்பிடிக்கும். அது அன்றைக்கு மட்டும் பொருந்தும் உண்மையல்ல.

மூடி ஏன் பிளந்தது?

பெட்டியை எடுத்துக்கொண்டு உம்மாவும் நானும் தோட்டத்திலுள்ள ஓர் ஆசாரித் தாத்தாவிடம் சென்றோம். தேயிலைத் தொழிற்சாலையில் நீண்ட காலம் தச்சு வேலை செய்து ஓய்வு பெற்றவர் அவர். மூடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், "இது வயசாகி வெடிக்கல பாப்பா, ஆணி அடிச்சு வெடிச்சிருக்கு" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். வெட்டி அறுத்த பின்னரும் மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். வெயிலில் அதை விட்டுவிடும். ஈரம் ஏறும்போது பலகை அகலத்தில் விரியும், காயும்போது சுருங்கும். ரேகையின் நீளவாக்கில் இந்த மாற்றம் மிகச் சொற்பம், குறுக்குவாக்கிலேயே அதிகம். இரத்தினபுரியிலோ வருடத்திற்கு 3,500 மில்லிமீற்றருக்கும் கூடுதலாக மழை பெய்கிறது. மழைக்கும் வெயிலுக்கும் இடையில் பலகை ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கும். ஆனால் அதன் மேலுள்ள பித்தளைப் பட்டி ஈரத்திற்கு அசையாது.

ஆகவே பட்டியின் துளைகளை முதலில் செய்தவர் வட்டமாக இடவில்லை. சற்று நீள்வட்டமாக இட்டிருந்தார். சிறிய பித்தளை ஆணிகள் அந்த நீளத்துக்குள் நகர இடமிருந்தது. பின்னர் யாரோ பட்டியின் இரு முனைகளிலும் தடித்த இரும்பு ஆணிகளை இறுக்கி அடித்திருக்கிறார்கள். சுருங்க வழியில்லாத பலகை நடுவே பிளந்துவிட்டது. ஆணிகளைச் சுற்றி மை ஊற்றியது போன்ற கறுப்புக் கறையும் இருந்தது. மரத்திலுள்ள தனின் என்னும் பதார்த்தம் ஈரத்தில் இரும்புடன் சேரும்போது உண்டாகும் கறை அது. பழைய பெட்டிகளுக்குப் பித்தளை ஆணியைத் தேர்ந்தது அழகுக்காக மட்டுமல்ல என்பது அப்போதுதான் புரிந்தது.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். வாப்பா சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பட்டி ஆடுதென்டு உம்மும்மா சொன்ன. நான்தான் ஆணி அடிச்ச" என்றார்.

தகட்டில் கொடி எழும்பும் விதம்

பித்தளை, செம்பும் நாகமும் சேர்ந்த கலப்புலோகம். உருண்டையான பொருள்களை மெழுகில் உருச்செய்து, களிமண்ணால் மூடி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பதுண்டு. தகட்டு வேலை வேறு விதமானது. குங்கிலியத்துடன் செங்கற்பொடியும் எண்ணெயும் கலந்து காய்ச்சி ஒரு தட்டில் ஊற்றுவார்கள். அது முற்றிலும் ஆறுவதற்கு முன் தகட்டை அதன்மேல் பதிப்பார்கள். குங்கிலியப் படுக்கை தகட்டைத் தாங்கவும் செய்யும், அடிக்கும் இடத்தில் விட்டுக்கொடுக்கவும் செய்யும். பின்புறமிருந்து மழுங்கிய உளியால் தட்டினால் கொடி மறுபுறம் புடைத்து எழும். பிறகு தகட்டைத் திருப்பி, முன்புறத்தில் இலை நரம்புகளையும் ஓரங்களையும் நுண்ணுளியால் தெளிவாக்குவார்கள்.

தட்டத் தட்ட உலோகம் விறைத்துப் போகும். தொடர்ந்து அடித்தால் வெடித்துவிடும். எனவே இடையிடையே நெருப்பில் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டு, மீண்டும் இளக வைப்பார்கள். அவசரப்படுபவர்களுக்கு இவ்வேலை வசப்படாது.

சுண்ணாம்புச் செப்பைப் பித்தளையிலோ செம்பிலோ வெள்ளியிலோ செய்ததற்கும் காரணம் உண்டு. ஈரச் சுண்ணாம்பு அலுமினியத்தை அரித்துவிடும். இவற்றை அவ்வாறு அரிப்பதில்லை. பித்தளையில் படியும் மங்கலைப் புளி போட்டுத் தேய்த்து நீக்குவது எங்கள் வீடுகளின் வழக்கம். புளியிலுள்ள அமிலம் மேற்படிவைக் கரைக்கும். எனினும் அடிக்கடி அழுத்தித் தேய்த்தால் இலை நரம்புகளும் தேய்ந்து மறையும். உம்மும்மாவின் செப்பில் பெருவிரல் படும் இடத்தில் இதழ்கள் ஏறக்குறைய இல்லை.

பெட்டியாகி மறைந்த மரம்

இங்கே ஒரு வருத்தமான செய்தியையும் சொல்ல வேண்டும். சிங்களத்தில் "களுமெதிரிய" எனப்படும் மரம் கருங்காலியின் இனத்தைச் சேர்ந்தது. ஆங்கிலேயர் அதைக் கலமந்தர் என்றனர். பழுப்பு நிறத்தில் கறுப்பு வரிகள் ஓடும் அதன் வைரத்தைக் கொண்டு அலங்காரப் பெட்டிகளும் மேசைகளும் செய்தார்கள். எங்கள் மாகாணத்தையும் தொட்டு நிற்கும் சிங்கராஜா போன்ற ஈரவலயக் காடுகளுக்குரிய மரம் அது. ஆனால் 1859 இல் வெளிவந்த தமது இலங்கை பற்றிய நூலில், அந்த மரம் அருகிவிட்டதென எமர்சன் டெனன்ட் அப்போதே எழுதிவிட்டார். இயற்கையின் அழகைப் போற்றிச் செய்த பெட்டிகளே அந்த இயற்கையை உண்டுவிட்டன. இலையையும் பூவையும் செதுக்கும் கலைஞருக்கு மரத்தின் மீதும் பொறுப்பு உண்டு என்பதை இது உணர்த்துகிறது.

தோட்டத்தின் மரமும் தோட்டத்தின் பெட்டியும்

அப்படியானால் எந்த மரத்தில் செய்வது? விடை எங்கள் கண்முன்னே இருக்கிறது. றப்பர் மரம் ஏறத்தாழ முப்பது வருடங்களில் பால் குறைந்து, மறுநடுகைக்காக வெட்டப்படுகிறது. முன்பு அதன் பெரும்பகுதி விறகாகவே போனது. அதில் மாப்பொருள் அதிகம். எனவே வெட்டிய சில நாட்களிலேயே பூஞ்சணத்தால் நீலம் பாயும், பூச்சியும் துளைக்கும். உடனே அறுத்து, போரன் சேர்ந்த மருந்தேற்றி, முறையாக உலர்த்தினால் இளமஞ்சள் நிறமான நல்ல பலகை கிடைக்கும். இன்று தளபாடங்களும் விளையாட்டுப் பொருட்களும் அதில் செய்யப்படுகின்றன. எப்படியும் வெட்டப்படப்போகும் மரம் என்பதால், பெட்டிக்காக ஒரு காட்டு மரமும் விழவேண்டியதில்லை.

மரமும் உலோகமும் சேர்ந்த பெட்டி தோட்டத்திற்குப் புதியதுமல்ல. முன்னாளில் தேயிலை ஏற்றுமதியானது ஒட்டுப்பலகைப் பெட்டியில்தான். ஓரங்களில் தகரப்பட்டி, உள்ளே உலோகத்தாள். ஈரத்தையும் பிற மணத்தையும் தேயிலை விரைவில் ஈர்த்துக்கொள்ளும் என்பதால் அந்த ஏற்பாடு. கடதாசிச் சாக்குகள் வந்த பிறகு அப்பெட்டிகள் மறைந்தன. ஆசாரித் தாத்தாவின் லயத்து வீட்டில் அப்படி ஒன்று இன்னும் இருக்கிறது. அதற்குள்தான் பேரப்பிள்ளைகளின் பாடசாலைச் சீருடைகள்.

ஒரு வாரத்தின் முடிவில்

தாத்தா இரும்பு ஆணிகளைப் பிடுங்கி, பிளவைப் பசையிட்டு இறுக்கிக் கட்டினார். பழைய நீள்வட்டத் துளைகளிலேயே பட்டியைப் பூட்டினார். நெருங்கிப் பார்த்தால் பிளவின் கோடு தெரியும். அது தெரிவதே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

எனக்கும் ஒரு துண்டு றப்பர்ப் பலகை தந்தார். எங்கள் பக்கத்து மண்திட்டுகளில் செப்டெம்பர் மாதத்தில் ஊதா நிறத்தில் பூக்கும் பினர மலரைச் செதுக்க முயன்றேன். ரேகைக்கு எதிராக உளியை ஓட்டியதால் ஓர் இதழ் பெயர்ந்து விழுந்தது. "மரம் எந்தப் பக்கம் போவுதுன்னு மொதல்ல பாக்கணும், பொறகுதான் நம்ம இஷ்டம்" என்றார் தாத்தா. அவருடைய மகன்மார் இருவரும் கொழும்பில் கடைகளில் வேலை செய்கிறார்கள். உளிகளை எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். கேட்டு வருவோர் இல்லை.

சொன்னபடி அடுத்த கிழமை பித்தளை வாங்குபவர் வந்தார். வாப்பா உள்ளே போய்ப் பழுதான பழைய பிரைமஸ் அடுப்பை எடுத்து வந்து நிறுக்கக் கொடுத்தார். பெட்டியைப் பற்றி இருவரும் பேசவில்லை.

அன்புத் தோழியரே! கைவினைஞர்களுக்கென 1982 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய அருங்கலைகள் பேரவை இருக்கிறது. அவர்களின் பொருட்களை விற்க 1964 முதல் லக்சல இருக்கிறது. கேகாலையிலிருந்து கண்டிக்குப் போகும் வழியில், பிலிமத்தலாவைப் பக்கத்தில் வீதியோரமாகவே பித்தளைப் பொருட்கள் மின்னுகின்றன. ஆனால் எங்கள் அலுமாரிகளுக்குள் இருப்பவற்றை எந்தப் பேரவையும் வந்து காப்பாற்றாது. வீட்டில் ஒரு பழைய பெட்டியோ செப்போ பாக்குவெட்டியோ இருந்தால் அதை ஒருமுறை கையில் எடுங்கள். இது என்ன மரம்? என்ன உலோகம்? இதிலுள்ள பூ எது? யார் யாருக்குக் கொடுத்தது? இந்த நான்கு கேள்விகளையும் வீட்டின் மூத்தவர்களிடம் கேட்டு, விடைகளை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

நான் கேட்கத் தாமதித்துவிட்டேன். உம்மும்மா இருந்தபோது, "இது என்ட உம்மா தந்த சாமான்" என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. செய்தவர் யார் என்று நான் கேட்கவே இல்லை.