நூறு ஆயிரமானது: அபராதத்தை எதிர்க்க முடியுமா?

கேள்வி: சென்னையில் உணவு டெலிவரி வேலை. போன மாதம் ஹெல்மெட் பெல்ட்டை மாட்டவில்லை என்று 1,000 ரூபாய் சலான். அடுத்த வாரமே, சிக்னலை மீறியதாக மொபைலுக்கு 500 ரூபாய் சலான் வந்தது. அன்று வண்டியை எடுத்துப் போனது தம்பி. முன்பெல்லாம் நூறு ரூபாயோடு போன விஷயம். சின்னத் தவறுக்கு இவ்வளவு வாங்குவது நியாயமா? கோர்ட்டில் எதிர்க்கலாமா?
- வாசகர், அம்பத்தூர்

பதில்: அம்பத்தூர் வாசகரின் கோபத்தில் இரண்டு வழக்குகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, தொகையைப் பற்றியது. அதில் அவர் ஜெயிப்பது மிகக் கடினம். மற்றது, அந்தத் தொகையை வசூலிக்கும் முறையைப் பற்றியது. அதில் சட்டம் அவருக்குக் கொடுத்திருக்கும் பிடி, அவர் நினைப்பதைவிட வலுவானது.

முதலில் தொகை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-வது பிரிவு, தனியாகத் தண்டனை சொல்லப்படாத மீறல்களுக்கு முதல் முறை 100 ரூபாய் வரை அபராதம் என்றது. ஹெல்மெட் போடாததும் அந்தக் கணக்கில்தான் வந்தது. அந்த நூறு, 31 ஆண்டுகள் நூறாகவே இருந்தது. கடைசியில் ஒரு பிரியாணிக்குக்கூடப் போதாத தொகையாகி, அதைக் கட்டிவிட்டு அதே ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேல் மாட்டிக்கொண்டு போகிற அளவுக்கு வந்துவிட்டது. 2019-இல் நாடாளுமன்றம் திருத்தியபோது மொத்தமாக ஏற்றிவிட்டார்கள்: 177-இன் கீழ் 500, ஹெல்மெட்டுக்கு 194டி என்ற தனிப் பிரிவில் 1,000, உரிமம் இல்லாமல் ஓட்டினால் 500-க்குப் பதில் 5,000. படிப்படியாக உயர்த்தியிருந்தால் இந்த அதிர்ச்சி இருந்திருக்காது. புதிய தொகைகள் 2019 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்தாலும், தமிழ்நாட்டில் அவை 2022 அக்டோபரில்தான் கைக்கு வந்தன.

தண்டனையின் அளவை முடிவு செய்வது சட்டமன்றங்களின் வேலை. அது அப்பட்டமாகத் தன்னிச்சையானது என்று காட்டினால்தான் நீதிமன்றம் கை வைக்கும். இந்தத் தொகையை அப்படிச் சொல்வது கடினம். 2022-இல் மட்டும் நாட்டில் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதே ஆண்டில் எல்லா மாநிலங்களையும்விட அதிகமாக, 64,105 சாலை விபத்துகள் நடந்தது தமிழ்நாட்டில். சாலைப் பாதுகாப்புக்காக 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டவரும் கோயம்புத்தூர் எலும்பு முறிவு அறுவை சிகிச்சை நிபுணர் எஸ்.ராஜசேகரன்தான். அடிபட்டு வருபவர்களை அறுவை மேஜையில் பார்த்தவரின் வழக்கு அது.

வாசகரின் 1,000 ரூபாய் சலானும் அநேகமாக நிற்கும். 129-வது பிரிவு கேட்பது தலையில் ஹெல்மெட் இருப்பதை அல்ல, வாரினால் இறுக்கிக் கட்டியிருப்பதை. பக்கிளைப் போடாமல் கவிழ்த்து வைத்தால், சட்டத்தின் பார்வையில் ஹெல்மெட் இல்லாததும் அதுவும் ஒன்று.

மாநில அரசால் குறைத்திருக்க முடியாதா? குஜராத் 2019-லேயே ஹெல்மெட் அபராதத்தை 500 ஆக்கியது. நீதிமன்றம் போகாமல் கட்டி முடிக்கும் சமரசத் தொகையை மாநிலமே அறிவிக்கலாம் என்ற 200-வது பிரிவுதான் அதற்குக் கைகொடுத்தது. சட்டம் சொன்ன குறைந்தபட்சத்துக்குக் கீழே போக முடியாது என்று மத்திய அமைச்சகம் 2020 ஜனவரியில் மாநிலங்களுக்கு எழுதியது. எப்படியானாலும் அது அரசியல் மேடையில் கேட்க வேண்டிய கேள்வி. ரிட் மனுவில் கேட்டுப் பெரிதாகப் பயனில்லை.

நியாயம் இடறுவது வேறு இடத்தில். டெலிவரி இளைஞருக்கும் பல லட்ச ரூபாய் பைக்கில் வருபவருக்கும் அதே 1,000. ஒருவருக்கு அது ஒரு நாள் உழைப்பு, மற்றவருக்குச் சில்லறை. பின்லாந்தில் பெரிய வேக மீறலுக்கு வருமானத்தைப் பார்த்துத்தான் அபராதம். 50 கிலோமீட்டர் எல்லையில் 82-இல் போன ஆலண்ட் தீவுகளின் கோடீஸ்வரர் ஒருவர் 2023-இல் 1,21,000 யூரோ கட்டினார். நம் சட்டத்தில் அதற்கு இடமே இல்லை. இன்னொரு குறை, ஒரே செயலுக்கு இரண்டு பிரிவுகள் இருப்பது. சிவப்பு விளக்கைத் தாண்டியதை 177-இல் பதிந்தால் 500 ரூபாயோடு போகும். அதையே ஆபத்தாக ஓட்டியதாக 184-இல் பதிந்தால் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை, சிறைக்கும் வழியுண்டு. எந்தப் பிரிவு என்பது சலான் போடுகிற அதிகாரியின் கையில்.

இதையெல்லாம்விட வாசகர் கவனிக்க வேண்டியது, அவர் கேட்காத ஒன்று. 194டி-இல் 1,000 ரூபாயோடு மூன்று மாத உரிமத் தகுதியிழப்பும் இருக்கிறது. வண்டி ஓட்டியே சாப்பிடுகிறவருக்கு அபராதத்தைவிடப் பல மடங்கு கனமான தண்டனை அதுதான். பணத்தைக் கட்டித் தொலைத்தால் தலைவலி விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு அப்படியில்லை: கட்டிய சலான் முந்தைய குற்றமாகவே கணக்கில் ஏறும், 206-வது பிரிவில் உரிமத்தின் மீதான நடவடிக்கையும் தனியே தொடரலாம். உரிமத்தை முடக்குமுன் விளக்கம் சொல்ல வாய்ப்பு தர வேண்டும் என்கிறது 19-வது பிரிவு. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால் மடித்து வைத்துவிடாமல், வேலை விவரத்தோடு எழுத்தில் பதில் கொடுப்பது அவசியம்.

இனி அந்த 500 ரூபாய் சலான். கேமரா சலானுக்கென்று 2021 ஆகஸ்டில் தனி விதி வந்தது: 167ஏ. கண்காணிப்பு இருக்கும் இடத்துக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும்; மீறலைக் காட்டும் படத்தில் நம்பர் பிளேட் தெரிய வேண்டும்; தேதி, நேரம், இடம், மீறிய பிரிவு ஆகியவை நோட்டீஸில் இருக்க வேண்டும்; நோட்டீஸ் 15 நாளுக்குள் அனுப்பப்பட வேண்டும் என்கிறது அந்த விதி. வாசகர் முதலில் இணையத்தில் சலானைத் திறந்து படத்தைப் பார்க்கட்டும். வண்டி நிறுத்தக் கோட்டைத் தாண்டியிருக்கும், விளக்கு எந்த நிறம் என்றே தெரியாது. அப்படிப்பட்ட படமும் உண்டு.

வண்டி அவர் பெயரில் இருப்பதால் நோட்டீஸ் அவருக்கு வந்தது. ஓட்டியது யார் என்று கேட்டால் சொல்வது 133-வது பிரிவின்படி உரிமையாளரின் கடமை. தம்பி பெயரைச் சொல்ல மனமில்லை என்றால் கட்டிவிடலாம், ஆனால் பதிவு அண்ணன் கணக்கில் ஏறும். அடுத்த முறை அதே குற்றத்துக்கு 500 அல்ல, 1,500. மறுப்பதென்றால், அபராதம் கட்டாமல், சலானை எதிர்ப்பதாக உரிய காலத்தில் தெரிவித்தால் அது நீதிமன்றம் வரை போகலாம். 177-வது பிரிவு 'ஐந்நூறு ரூபாய் வரை' என்றுதான் சொல்கிறது. எனவே குற்றம் நிரூபணமானாலும் குறைக்க மாஜிஸ்ட்ரேட்டுக்கு அதிகாரம் உண்டு. 194டி-இல் தொகை ஒரே எண்ணாக இருப்பதால் அந்த இடம் இல்லை. அன்று தம்பி வண்டி எடுத்ததற்கு மெசேஜோ, தான் வேறிடத்தில் இருந்ததற்கு டெலிவரி ஆப்பின் பதிவோ இருந்தால், அழிவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது முதல் வேலை.