பேன் மருந்து: இரண்டாம் முறை ஏன்?

தலையில் பேன் இருப்பது அசுத்தத்தின் அடையாளமன்று. பேன் பாயாது, பறக்காது. தலையோடு தலை படும்போது ஊர்ந்து ஏறும். எனவே வெட்கப்பட்டு மறைக்காமல் மருந்திடுவதே நன்று.

பாமசியில் கிடைக்கும் 1 சதவீத பெர்மெத்ரின் லோஷனை, கழுவித் துவட்டிய ஈரமான முடியில் பூசி, 10 நிமிடங்களின் பின் அலச வேண்டும். இது பேன்களைக் கொல்லும். ஆனால் ஈர்கள் பல தப்பிவிடும்.

ஈர் பொரிக்க ஏறத்தாழ 6 முதல் 9 நாட்கள் செல்லும். பொரித்த குஞ்சு முட்டையிடும் பேனாக வளர, மேலும் ஒரு வாரத்துக்கு மேலாகும். இந்த இடைவெளியில், அதாவது 9ஆம் நாளளவில், மீண்டும் மருந்திட வேண்டும். முந்தினால் பொரிக்காத ஈர் எஞ்சும். பிந்தினால் புதிய ஈர் சேரும்.

இடையில் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை ஈரத்தலையைப் பேன் சீப்பால் வாருங்கள். வீட்டிலுள்ள மற்றவர்களின் தலையையும் பாருங்கள். மருந்திட்ட மறுநாளும் பேன்கள் முன்போலவே ஓடித்திரிந்தால், அதே மருந்தை மேலும் பூசாமல் வைத்தியரைக் கேளுங்கள். மண்ணெண்ணெய் பூசவே கூடாது, தீப்பற்றினால் உயிராபத்து.

இரண்டாம் முறையின் பின் உயிருள்ள பேன் இல்லையெனில், ஒட்டியிருக்கும் வெற்று ஈருக்காக மூன்றாம் முறை தேவையில்லை.

உம்மாமாரே, முதல் முறை மருந்திடும் அன்றே கலண்டரில் 9ஆம் நாளையும் குறித்து வையுங்கள்.