சாக்கில் எதைப் போடுவது?

மாணவர்களே, கல்வராயன் மலையிலிருந்து ஒருவர் விளைபொருள்களைச் சுமந்துகொண்டு திருக்கோவிலூருக்கு விற்க வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய சாக்கு 10 கிலோதான் தாங்கும். வீட்டில் மூன்று மூட்டைகள் இருக்கின்றன: புளி 6 கிலோ, விலை 720 ரூபாய், சாமை 5 கிலோ, 500 ரூபாய், கடுக்காய் 5 கிலோ, 450 ரூபாய். மூட்டையைப் பிரிக்கக் கூடாது. (விலைகள் கணக்குக்காக நான் வைத்தவை, கடையில் போய்க் கேட்காதீர்கள்!) எதை எடுத்தால் கூடுதல் பணம் கிடைக்கும்?

கிலோவுக்கு 120 ரூபாய் தரும் புளியைத்தான் முதலில் போடத் தோன்றும். போட்டால் மீதி 4 கிலோ இடம் வீணாகிறது. கிடைப்பது 720 ரூபாய். புளியை விட்டுவிட்டுச் சாமையையும் கடுக்காயையும் எடுத்தால் 950 ரூபாய். மிகச் சிறந்த பொருளை விட்டதால் லாபம் கூடியது, விந்தை அல்லவா? கணித நூல்களில் இது முதுகுப்பைக் கணக்கு எனப்படுகிறது.

உலகக் கோப்பை வந்தால் உங்களில் பலர் இதே கணக்கைத்தான் கைப்பேசியில் போடுகிறீர்கள். ஃபேன்டசி கால்பந்து என்பது உண்மையான வீரர்களைக் கொண்டு கற்பனை அணி அமைக்கும் ஆட்டம். களத்தில் அவர்கள் செய்வதற்கேற்ப உங்களுக்குப் புள்ளிகள் சேரும். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் இலவசமாக நடத்தும் ஆட்டத்தில் உங்கள் கையிருப்பு 100 மில்லியன் பவுண்டு, காகிதத்தில் மட்டும். அதற்குள் 15 பேரை எடுக்கவேண்டும்: கோல்காப்பாளர் 2, தற்காப்பு 5, நடுக்களம் 5, முன்களம் 3. ஒரே கழகத்திலிருந்து மூவருக்கு மேல் கூடாது. சர்வதேசப் போட்டிகளுக்கான ஆட்டங்களில் கழகத்தின் இடத்தில் நாடு வரும். கையிருப்புதான் சாக்கு, வீரரின் விலைதான் எடை, அவர் தரும் புள்ளிதான் சந்தை மதிப்பு. மிகப் புகழ்பெற்றவர்களாகவே நிரப்பினால் புளி மூட்டையின் கதைதான்.

எல்லா அணிகளையும் எழுதிப் பார்த்துவிடலாமே என்று கேட்பீர்கள். 30 பேரிலிருந்து 15 பேரைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் மட்டும் 15,51,17,520. நொடிக்கு ஓர் அணி என்று எழுதினால், உண்ணாமல் உறங்காமல் ஏறக்குறைய 5 ஆண்டுகள் ஆகும். 2022 கத்தார் உலகக் கோப்பையில் ஆடியவை 32 நாடுகள். ஒவ்வொன்றும் 26 பேர் வரை அழைத்து வரலாம். எண்ணிப் பாருங்கள்.

1950களில் ரிச்சர்டு பெல்மன் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் வளர்த்த முறை இங்கே கைகொடுக்கிறது. பெரிய சாக்கை நிரப்பும் முன், 1 கிலோ சாக்கு, 2 கிலோ சாக்கு என்று சிறியவற்றுக்கெல்லாம் சிறந்த விடையைக் கண்டு அட்டவணையில் குறித்துக்கொள்வது அது. புளி, சாமை இரண்டுக்கும் கணக்கு முடிந்துவிட்டது, அடுத்துக் கடுக்காய். அதை விட்டால் 10 கிலோ சாக்கின் பழைய விடை 720. எடுத்தால் 450; மீதமுள்ள 5 கிலோவுக்கு அட்டவணையில் ஏற்கெனவே உள்ள விடை 500; ஆக 950. இரண்டில் பெரியது எதுவோ அதை எழுதுங்கள். முன்பு கண்டதை மறுபடி கணக்கிடவேண்டியதில்லை. அதுதான் இதன் அழகு. கணிப்பொறி நூற்றுக்கணக்கான வீரர்களுக்கும் இதைச் செய்துவிடும். ஆனாலும் இந்தக் கணக்கு எளிய இனத்தைச் சேர்ந்ததன்று. 1972இல் ரிச்சர்டு கார்ப் வெளியிட்ட, மிகக் கடினமானவை எனக் கருதப்படும் 21 கணக்குகளின் பட்டியலில் முதுகுப்பையும் ஒன்று.

சிக்கல் வேறோர் இடத்திலும் இருக்கிறது. புளியின் விலை நமக்குத் தெரியும். வீரர் தரப்போகும் புள்ளி தெரியாது. பழைய கோல்களைப் பார்த்து ஊகிக்கிறோம். கொலம்பியாவின் ஹாமஸ் ரோட்ரிகஸ் 2014 உலகக் கோப்பையில் 6 கோல் போட்டு முதலிடம் பெற்றார். 2018இல் ஒன்றும் போடவில்லை. ஜெர்மனியின் தாமஸ் முல்லர் 2010இல் 5, 2014இல் 5. 2018இலும் 2022இலும் பூஜ்யம். அதே நாட்டின் க்ளோசாவோ 2002இல் 5, 2006இல் 5, 2010இல் 4. அந்தப் போட்டிகளில் ஒரு நாட்டுக்கு அதிகம் போனால் 7 ஆட்டங்கள். நாணயத்தை ஏழு முறை சுண்டி ஐந்து தலை விழுந்தால் அது தலைப் பக்கம் சாய்ந்த நாணயம் என்று சொல்வீர்களா? திறமையும் தற்செயலும் கலந்த எண்ணில், அடுத்த முறை தற்செயலின் பங்கு அப்படியே திரும்பி வராது. ஆகவே போன போட்டியின் நாயகனுக்கு ஊகிக்கும் புள்ளியைச் சற்றுக் குறைத்தே போடுங்கள். முதலில் பார்க்கவேண்டியது, அவர் முழு ஆட்டமும் களத்தில் இருப்பாரா என்பதை. என் கருத்தில் இது கோல் எண்ணிக்கையைவிட நம்பகமானது.

பணம் கட்டி ஆடுவதைப் பற்றியும் ஒரு கணக்கு. 100 பேர் ஆளுக்கு 50 ரூபாய் கட்டினால் 5,000. நடத்துபவர் நூற்றுக்கு 15 எடுத்துக்கொண்டால் பரிசுக்கு மிஞ்சுவது 4,250. சராசரியாக ஒருவருக்கு 42 ரூபாய் 50 காசு. எல்லோரும் பெல்மனே ஆனாலும் இந்தச் சராசரி மாறாது. நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் இணையவழி ஆட்டங்களைத் தடை செய்கிறது. காகிதமும் பென்சிலும் கொண்டு வகுப்புத் தோழர்களோடு ஆடுவதற்குத் தடை ஏதும் இல்லை.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை. சாக்கு 11 கிலோ தாங்குமானால் எந்த மூட்டைகளை எடுப்பீர்கள்? கையிருப்பில் ஒரு கிலோ கூடியதும் புளி திரும்பி வருகிறதா என்று அட்டவணை போட்டுப் பாருங்கள்.