தொண்டைக்குக் கீழே என்ன நடக்கிறது?

மாணவர்களே, ஒரு வாய்த் தண்ணீர் குடியுங்கள். தொண்டை வரைதான் அது உங்கள் விருப்பப்படி நடக்கும். அதற்குக் கீழே நீங்கள் தலையிட முடியாது. ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழாயின் தசைகள் மேலிருந்து கீழாக வரிசையாகச் சுருங்கி, உணவை இரைப்பைக்குத் தள்ளுகின்றன. பாடநூலில் படித்த பெரிஸ்டால்சிஸ் இதுதான். குழாயின் அடியில் ஒரு சுருக்குத்தசை உண்டு. உணவு வரும்போது அது தளரும், பிறகு இறுகிக்கொள்ளும்.

தளராவிட்டால்? பினாங்குப் பாலத்தின் பிறைப் பக்கத்து டோல் சாவடியை நினைத்துக்கொள்ளுங்கள். தடுப்பு மேலே எழாவிட்டால் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். ஆனால் சாலையில் ஒரு குழிகூட இருக்காது. அக்கலேசியா என்னும் நோய் இப்படிப்பட்டது. குழாய்ச் சுவரிலுள்ள நரம்பணுக்கள் அழிந்துபோவதால் சுருக்குத்தசை சரியாகத் தளர்வதில்லை. தள்ளும் அலையும் ஒழுங்காக எழுவதில்லை. சோறு மட்டுமல்ல, தண்ணீரும் நெஞ்சில் நிற்கும். எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தாலும், தொடக்க நிலையில் சிலருக்குப் புண்ணோ கட்டியோ இல்லாமல் எல்லாம் சரியாகவே தெரியும். “வெறும் காற்றுதான்” என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். நோயாளியோ இளைத்துக்கொண்டே போவார்.

1674-இல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் இத்தகைய நோயாளி ஒருவரைப் பற்றி எழுதினார். திமிங்கில எலும்புக் குச்சியின் நுனியில் கடற்பஞ்சைக் கட்டிக்கொடுத்தார். சாப்பிட்டதும் அதைத் தொண்டைக்குள் விட்டு உணவைக் கீழே தள்ளித் தள்ளியே அந்த மனிதர் பல ஆண்டுகள் வாழ்ந்தார்!

உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்க்க, 1895-இல் ரோன்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மறு ஆண்டே ஹார்வர்ட் மருத்துவ மாணவர் வால்டர் கேனன் இந்த ஆய்வில் இறங்கினார். பிஸ்மத் உப்பை ஒரு பெரிய வாத்துக்குக் கொடுத்து, அதன் நீண்ட கழுத்தில் அது இறங்குவதைத் திரையில் பார்த்தார். பூனைகளையும் ஆராய்ந்தார். பூனை மிரண்டால் அதன் இரைப்பை அசைவே நின்றுவிட்டது. தேர்வு நாள் காலையில் பசியாறல் இறங்காதது நினைவுக்கு வருகிறதா?

பிஸ்மத்துக்குப் பதிலாகப் பின்னர் பேரியம் சல்பேட் வந்தது. பேரியம் அயனி நஞ்சு. அப்படியிருக்க, அதை எப்படிக் குடிக்கக் கொடுக்கிறார்கள்? வேதியியல் கூடத்தில் சல்பேட் அயனியைச் சோதிக்கும்போது விழும் வெள்ளை வீழ்படிவுதான் இது. நீரிலும் கரையாது, இரைப்பை அமிலத்திலும் கரையாது. அதனால் உடலில் சேராமல் மலத்தோடு வெளியேறிவிடும். எக்ஸ் கதிர்களை அது நன்றாகத் தடுப்பதால் குழாயின் வடிவம் படத்தில் தெளிவாகத் தெரியும். அக்கலேசியா இருந்தால் குழாய் மேலே விரிந்தும், அடியில் பறவையின் அலகுபோல் கூம்பியும் காணப்படும்.

தசையின் அழுத்தத்தை அளக்க இன்னொரு சோதனை வேண்டும். அதன் பெயர் மனோமெட்ரி. ஒரு மெல்லிய குழாயை மூக்கு வழியாக இரைப்பை வரை செலுத்துவார்கள். ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றாக, பெரும்பாலும் 36 உணரிகள் அதில் இருக்கும். மயக்க மருந்து கிடையாது. விழுங்க வேண்டியவர் விழித்திருக்க வேண்டுமே! சுகமான சோதனை என்று சொல்ல மாட்டேன். 5 மில்லிலிட்டர் தண்ணீரைப் பத்து முறை விழுங்கச் சொல்வார்கள். அலை எங்கே அறுந்தது, அடித்தசை தளர்ந்ததா என்பது திரையில் வண்ணங்களாக விரியும். அழிந்த நரம்பணுக்களை மீட்க முடியாது. ஆனால் பலூனால் தசையை விரித்தோ, அறுவை சிகிச்சையில் வெட்டியோ வழியைத் திறந்துவிடலாம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது உணவு நெஞ்சில் சிக்கினால் ஒன்றைக் கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். முதலில் சோறு மட்டும் சிக்கி, பிறகு கஞ்சியும் சிக்கத் தொடங்கியதா? அப்படியானால் குழாய் குறுகி வருகிறதா, உள்ளே கட்டி ஏதும் உண்டா என்று உடனே பார்ப்பார்கள். முதல் நாளிலிருந்தே சோறும் தண்ணீரும் சேர்ந்தே சிக்கினவா? அப்போது மருத்துவரின் சந்தேகம் தசையின் அசைவு மீது திரும்பும்.