வால்பாறைக்குக் கேமரா எடுத்துட்டுப் போறீங்களா? ஒரு நிமிஷம், பையைத் திறங்க!

செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்சதும் நம்ம காலேஜ் வாட்ஸ்அப் குரூப் எல்லாத்துலயும் ஒரே கேள்விதான் ஓடும்: "மச்சி, வால்பாறை போலாமா?" கூடவே இன்னொரு கேள்வியும் வரும்: "யார்கிட்டயாவது கேமரா இருக்கா?" அந்த ரெண்டாவது கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை. முதல் தடவையா டிஎஸ்எல்ஆர் தூக்கிட்டு மழைக்காட்டுக்குப் போறவங்க பையில என்ன வைக்கணும், எப்படி வைக்கணும், திரும்பி வந்து என்ன செய்யணும்னு பார்ப்போம். நான் எல்லாத்தையும் தப்பா செஞ்சு கத்துக்கிட்டவன். அதனால நம்பிப் படிக்கலாம்.

போன டிசம்பர்ல நாங்க அஞ்சு பேர் போனோம். கேமரா என்னோடது இல்லை. என் பெரியப்பா மகனோடது. அண்ணன் கல்யாண போட்டோகிராபர். "எடுத்துட்டுப் போடா, மார்கழியில எனக்கு வேலை இல்ல. நனையாம மட்டும் பாத்துக்க. தை பொறந்தா முகூர்த்தம் இருக்கு"ன்னு சொல்லி முழுப் பையையும் கொடுத்தார். பாடி, மூணு லென்ஸ், ஃபிளாஷ், டிரைபாட். மேல என் லேப்டாப் வேற.

அவர் சொன்னபடியே ஒரு சொட்டு மழைகூடப் படாம பார்த்துக்கிட்டேன். ஆனாலும் லென்ஸ் கெட்டுப்போச்சு. எப்படின்னு கடைசியில சொல்றேன்.

1. எதிரி மழை இல்லை, காத்து

பொள்ளாச்சியைத் தாண்டி ஆழியாறு. அங்கேயிருந்து மேல ஏற 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவுல ஒரு காட்சி முனை இருக்கு. அங்கே வண்டியை நிறுத்தினோம். தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் பாறை மேல ரெண்டு வரையாடு! நம்ம மாநில விலங்கு, இருபதடி தூரத்துல, ஓடாம நிக்குது. கேமராவை எடுத்து கண்ணுல வெச்சேன். வெறும் வெள்ளை. லென்ஸ் முழுக்க ஆவி. துணியால துடைச்சேன், மறுபடியும் மூடிக்கிச்சு. பத்து நிமிஷம் நான் துடைச்சுக்கிட்டே இருந்தேன். ஆடுங்க மெதுவா மேய்ஞ்சு பாறைக்குப் பின்னாடி போயிடுச்சுங்க. நண்பன் ஒருத்தன் போன்ல எடுத்த படம்தான் மிச்சம்.

காரணம் சிம்பிள். தெர்மல் பேப்பருக்கு சைக்ரோமெட்ரிக் சார்ட்ல கோடு கோடா வரைஞ்சோமே, ஞாபகம் இருக்கா? அதேதான். காத்துல இருக்குற நீராவி எந்த வெப்பநிலையில தண்ணியா மாற ஆரம்பிக்குமோ அதுதான் டியூ பாயிண்ட். சார்ட் இல்லாமலே தோராயமா கண்டுபிடிக்கலாம். ஈரப்பதத்தை 100-லிருந்து கழிச்சு, வர்றதை 5-ஆல வகுத்து, அதை வெப்பநிலையிலிருந்து கழிங்க. ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேல இருந்தா இந்தக் கணக்கு நல்லாவே ஒத்துவரும்.

வெளியே 24 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம்னு வெச்சுக்குவோம். 100 கழித்தல் 90, பத்து. அதை 5-ஆல வகுத்தா 2. டியூ பாயிண்ட் 22 டிகிரி. கார்ல ஏசி ஃபுல்லா ஓடுது, பை ஏசி காத்து அடிக்கிற இடத்துல ரெண்டு மணி நேரமா இருந்திருக்கு. கேமரா 20 டிகிரிக்கு வந்திருந்தா போதும். 22-க்குக் கீழ இருக்குற எந்தப் பொருள் மேலயும் தண்ணி படியும். ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்த பாட்டில் வேர்க்கிற மாதிரி.

துடைச்சா போகாது, ஏன்னா கண்ணாடி இன்னும் குளிராத்தான் இருக்கு. செய்ய வேண்டியது ரெண்டே ரெண்டு:

முதலாவது, ஆழியாறுக்கு முன்னாடியே ஏசியை அணைச்சு ஜன்னலைத் திறங்க. பை வெளிக்காத்தோட சூட்டுக்கு மெதுவா வரட்டும். அரை மணி நேரத்துலயிருந்து ஒரு மணி நேரம் ஆகும்.

ரெண்டாவது, குளிர்ந்த கேமரா காத்துப் புகாத டப்பாவுக்குள்ள இருக்கட்டும். தண்ணி டப்பாவோட வெளிப்பக்கம் படியும், உள்ளே படியாது. டப்பாவைத் தொட்டுப் பார்த்து ஜில்லுன்னு இல்லைன்னா திறங்க.

இறங்கும்போதும் இதே கதைதான். வால்பாறை ஏறக்குறைய 3,500 அடி உயரம். காலையில அங்கே குளிர்ந்த கேமராவைப் பொள்ளாச்சி வெயில்ல வந்து டக்குன்னு திறந்தா மறுபடியும் ஆவி பிடிக்கும். கீழே வந்ததும் அவசரப்படாதீங்க.

2. எவ்வளவு எடுத்துட்டுப் போகணும்?

நான் எடுத்துப் போனதுல பாதியைத் தொடவே இல்லை. தொடக்கக்காரனுக்கு ஒரு பாடி, ரெண்டு லென்ஸ் போதும்: கேமராவோட வர்ற 18–55, அப்புறம் ஒரு 55–250 அல்லது 70–300. இது மொத்தமே ஒரு கிலோவைச் சுற்றித்தான் வரும். கழுத்துல மாட்டிட்டு நாள் பூரா நடக்கலாம்.

"250 பத்துமா ப்ரோ?"ன்னு கேப்பீங்க. நம்ம கையில இருக்குற சின்ன சென்சார் கேனான் பாடியில 1.6-ஆல பெருக்கினா 400 மில்லிமீட்டர் லென்ஸ் காட்டுற அளவுக்குக் காட்சி நெருங்கி வரும். புதுத்தோட்டம் பக்கம் சாலையோர மரத்துல இருக்குற சிங்கவால் குரங்குக்கு இது தாராளம். பிரச்சினை தூரம் இல்லை, வெளிச்சம். மரக்கூரைக்குக் கீழ பட்டப்பகல்லயும் இருட்டா இருக்கும். 250-ல கை ஆடாம எடுக்க ஷட்டர் 1/400 பக்கம் வேணும். அதனால ஐஎஸ்ஓ-வை 1600, 3200-ன்னு ஏத்தப் பயப்படாதீங்க. புள்ளி புள்ளியா இருக்குற படத்தைச் சரி பண்ணலாம், ஆடின படத்தைச் சரி பண்ண முடியாது.

டிரைபாட் வேண்டாம். சாலையோரத்துல நின்னு பார்க்கிற டிரிப்புக்கு அது சுமை. அதுக்குப் பதிலா ஒரு மஞ்சப்பை எடுத்துக்கோங்க. ஆமா, கல்யாண வீட்ல தாம்பூலம் போட்டுத் தர்ற அதே பைதான். வால்பாறை கடையில ஒரு கிலோ அரிசி வாங்கி அதுல போட்டு, வாயை இறுக்கித் தைச்சிடுங்க. கார் ஜன்னல்லயோ தடுப்புச் சுவர்லயோ வெச்சு அது மேல லென்ஸைச் சாய்ச்சா அசையாது. போகும்போது பையில எடையே இல்லை, வரும்போது அரிசியைத் தங்கின வீட்டுல கொடுத்துட்டு வரலாம். ஒரே எச்சரிக்கை: குரங்கு இருக்குற இடத்துல இதைக் கீழே வெச்சுட்டு நகராதீங்க. கிழிச்சு அரிசியைத் தின்னு பழகினா அது குரங்குக்குத்தான் கேடு. சாப்பாட்டுக்காக ரோட்டுக்கு வர்ற குரங்கு வண்டியில அடிபடும்.

ஃபிளாஷை வீட்லயே வைங்க. காட்டு விலங்கு முகத்துல அடிக்க அது தேவையே இல்லை. பேட்டரி ரெண்டு, 64 ஜிபி கார்டு ஒண்ணுக்குப் பதிலா 32 ஜிபி ரெண்டு. ஒண்ணு கெட்டாலும் பாதி டிரிப் மிஞ்சும்.

3. பையை அடுக்குறது எப்படி?

கேமராவுக்குன்னு விலை கூடின பை வாங்க வேண்டியதில்லை. காலேஜ் பையே போதும். மூணு அடுக்கா யோசிங்க.

உள் அடுக்கு: சமையலறையில இருக்குமே, மூடியில ரப்பர் வளையம் வெச்சு நாலு பக்கமும் லாக் ஆகுற டப்பா. அஞ்சு லிட்டர் டப்பாவுல ஒரு பாடி, ரெண்டு லென்ஸ் அடங்கும். அடியில ஒரு பழைய பருத்தித் துண்டு, ஓரத்துல சிலிக்கா ஜெல்.

நடு அடுக்கு: பேட்டரி, கார்டு, காத்து அடிக்கிற ரப்பர் புளோயர், நாலஞ்சு காய்ஞ்ச துணி. ஈரமான துணியைத் திரும்ப இங்கே வைக்காதீங்க. அதுக்கு வெளிப்பாக்கெட்.

மேல் அடுக்கு: குடை, ரெயின்கோட். மழை வந்த அப்புறம் அடியில தேடினா டப்பா உள்பட எல்லாம் நனையும்.

தூக்கிப்போடுற பிளாஸ்டிக் கவர் வேண்டாம். தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1-லிருந்து அதுக்குத் தடை, காட்டுல விழுந்தா மான் தின்னும். திரும்பத் திரும்பப் பயன்படுத்துற டப்பாவும் ரெயின்கோட்டும் போதும்.

4. காட்டுக்குள்ள

பனிமூட்டத்துல லென்ஸ் மாத்தாதீங்க. மாத்தித்தான் ஆகணும்னா வண்டிக்குள்ள, கேமராவோட வாய் கீழே பார்க்குற மாதிரி பிடிச்சு மாத்துங்க.

நம்ம கையில இருக்குற விலை குறைஞ்ச ஜூம் லென்ஸ் பெரும்பாலும் முன்னே நீண்டு பின்னே போகும். அது ஒரு பிஸ்டன் பம்ப் மாதிரி. ஒவ்வொரு தடவை ஜூம் பண்ணும்போதும் வெளிக்காத்து உள்ளே போகுது. மழைச் சாரல்ல சும்மா ஜூமைத் திருகிட்டே இருந்தா ஈரத்தை நீங்களே உள்ளே இறைக்கிறீங்கன்னு அர்த்தம். பார்த்து, தீர்மானிச்சு, ஒரு தடவை திருகுங்க.

அட்டைக்குப் பயந்து கேமராவைக் கீழே போட்டவனை நேர்ல பார்த்திருக்கேன். பேன்ட்டை சாக்ஸுக்குள்ள விட்டுக்கோங்க. நெருக்கமா நெய்த காட்டன் அட்டை உறை கிடைச்சா நல்லது. கால் பயம் போனாத்தான் கை நிக்கும்.

இன்னொண்ணு. பெரிய இருவாச்சிப் பெண் பறவை கூடு கட்டுற காலத்துல மரப்பொந்துக்குள்ள போய் வாசலை அடைச்சுக்கும். ஒரு சின்னப் பிளவு வழியா ஆண் பறவைதான் பழம் ஊட்டும். நாம கூட்டமா அந்த மரத்தடியில நின்னா ஆண் பறவை கிட்ட வராது. உள்ளே தாயும் குஞ்சும் பட்டினி. ஜனவரியில இருந்து கோடை வரைக்கும் போறவங்க பொந்து மரம்னு தெரிஞ்சா தள்ளி நில்லுங்க. நம்ம படத்தைவிட அந்தப் பழம் முக்கியம்.

5. திரும்பி வந்த அப்புறம்தான் பேக்கிங் முடியுது

இப்போ அண்ணன் லென்ஸ் கதை. வீட்டுக்கு வந்ததும் தூக்கம். பையை அப்படியே பரண் மேல வெச்சேன். அண்ணனுக்கும் மார்கழி முழுக்க வேலை இல்லை, கேட்கவும் இல்லை. பொங்கல் முடிஞ்சு கொடுத்தேன்.

தை மாசம் ஒரு கல்யாணத்துல எடுத்த படமெல்லாம் மங்கலா இருக்குன்னு டார்ச் அடிச்சுப் பார்த்திருக்கார். லென்ஸுக்குள்ள சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல். பூஞ்சை. அவர் என்னைத் திட்டவே இல்லை. "பரவாயில்லடா, ஈரத்தோட மூடி வெச்சிருக்க"ன்னு மட்டும் சொன்னார். அடுத்த முகூர்த்தத்துக்கு லென்ஸ் வாடகைக்கு எடுத்தார்னு பெரியம்மா சொல்லித்தான் தெரியும். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"சிலிக்கா ஜெல் வெச்சிருந்தேனே"ன்னு எனக்கு ஒரே குழப்பம். அப்புறம் கணக்குப் போட்டேன். 25 டிகிரியில ஒரு கன மீட்டர் காத்து அதிகபட்சம் 23 கிராம் நீராவி தாங்கும். பத்து லிட்டர் பைன்னா கால் கிராம்கூட இல்லை. ஷூ டப்பாவுல வர்ற அஞ்சு கிராம் பாக்கெட்டே அதை இழுத்துடும். ஆனா நனைஞ்ச கழுத்துப் பட்டை, ஈரத்துணி, பையோட ஸ்பாஞ்ச் இதுலயெல்லாம் எத்தனையோ கிராம் தண்ணி. அதுக்கு முன்னாடி அந்தப் பாக்கெட் என்ன செய்யும்? நான் காத்தைக் காய வெச்சேன், துணியை ஈரமா விட்டேன்.

அதனால, வந்த அன்னைக்கே:

கேமரா சூடு சமமான அப்புறம் பையிலிருந்து எல்லாத்தையும் வெளியே எடுங்க. பட்டையைக் கழட்டித் தனியா காய வைங்க. பையைத் தலைகீழா வெயில்ல போடுங்க. லென்ஸை வெயில்ல வேண்டாம், ஃபேன் காத்துல வைங்க.

காய்ஞ்சதும் பாடியையும் லென்ஸையும் மட்டும் டப்பாவுல, 100 கிராம் சிலிக்கா ஜெல்லோட வைங்க. ஒரு சின்ன ஈரப்பதமானியை உள்ளே போட்டா 40–50 சதவீதத்துல நிக்குதான்னு தெரியும். ஜெல் நிறம் மாறினா அதை மறுபடியும் சூடாக்கி உலர்த்தணும். நீல நிற ஜெல்லுல கோபால்ட் உப்பு இருக்கும், அது நச்சு. அம்மாவோட தோசைக்கல்லுல போட்டுடாதீங்க! அரிசி மூட்டையில கேமராவைப் புதைக்கிற யோசனையும் வேண்டாம், தூசிதான் உள்ளே போகும்.

கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை சரிபாருங்க

- பாடி 1, லென்ஸ் 2, பேட்டரி 2, 32 ஜிபி கார்டு 2, சார்ஜர்
- ரப்பர் வளைய டப்பா, பருத்தித் துண்டு, சிலிக்கா ஜெல்
- புளோயர், காய்ஞ்ச துணி நாலஞ்சு
- மஞ்சப்பை (காலியா), ஊசி நூல்
- குடை, ரெயின்கோட், நீள சாக்ஸ்
- வீட்ல விட வேண்டியது: டிரைபாட், ஃபிளாஷ், லேப்டாப், "எதுக்கும் இருக்கட்டும்"னு தோணுற எல்லாம்

நம்மள்ல பாதிப் பேர் கையில இருக்குறது கடன் வாங்கின கேமராதான். சீனியரோடது, மாமாவோடது, போட்டோ கிளப்போடது. கொடுத்தவங்க "நனையாம பாத்துக்க"ன்னுதான் சொல்வாங்க. "காய வெச்சுக் கொடு"ன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. அதை நாமதான் ஞாபகம் வெச்சுக்கணும்.

நான் இந்தத் தடவை லீவுல ஒரு கடையில பார்ட் டைம் போய் அண்ணன் லென்ஸைச் சுத்தம் பண்ணக் கொடுத்திருக்கேன். அது வந்ததும் அவரையும் கூட்டிட்டு ஒன்பதாவது வளைவுக்குப் போறதா பிளான். ஏசி போட மாட்டோம்.

நீங்க போயிட்டு வந்தா படங்களை அடுத்த இதழுக்கு அனுப்புங்க மக்களே. பையைக் காய வெச்ச அப்புறம்!